கை மறக்காத உப்பு

என் கணவர் மாரடைப்பில் போன ஆறாவது மாதம், கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்க ஆரம்பித்தேன். என் ஆவக்காய்க்கு உறவுக்காரர்களிடம் நல்ல பெயர். மாங்காயை நறுக்கித் துடைத்து, வழக்கம்போல் கண்ணளவில் உப்பும் காரமும் போட்டேன். ருசி பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. எங்கள் தெருவிலேயே பன்னிரண்டு பாட்டில் விற்றது.

மூன்றாவது வாரம், எதிர் வீட்டு நூர்ஜஹான் பாட்டிலோடு வந்தார். மேலே வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது.

"ஹாஸ்டல்ல இருக்கிற பையனுக்குக் கொடுத்தனுப்பலாம்னு திறந்தேன்க்கா. நல்லவேளை, பார்த்தேன். உப்பே பத்தலையே?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எட்டு வருஷமா இதே அளவுதான் போடுறேன், நூர்ஜஹான்!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. எட்டு வருடமாக என் கணவருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதிலிருந்து, ஊறுகாயைக்கூடக் கொஞ்சமாகப் போட்டு ஃபிரிட்ஜில்தான் வைப்பேன். என் கையும் நாக்கும் அதற்கே பழகிவிட்டன. ஊருக்கு விற்கிற ஊறுகாயில், இல்லாத மனிதருக்காக உப்பைக் குறைத்திருக்கிறேன்.

அன்றே வீடு வீடாகப் போய் விஷயத்தைச் சொல்லி, பாட்டில்களைத் திரும்ப வாங்கிக் கொட்டினேன். நல்லவேளையாக யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் வரவில்லை.

இப்போது விற்கிற ஊறுகாய்க்கு உப்பை எடை போட்டுத்தான் சேர்க்கிறேன். எனக்கு மட்டும் வைக்கிற சாம்பாருக்கு எடை பார்ப்பதில்லை. அதில் இன்றும் அவருக்கான உப்புதான்.