பாசிட்டிவ் எல்லாம் அந்தப் பக்கம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாவது வரை படித்தவள் நான். பால்வாடியில் ஆயாவாக இருக்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க வராது. குழந்தைகளிடம் மட்டும்தான் சத்தமாகப் பேசுவேன். நோயைப் பற்றி எழுத டாக்டர்கள் இருக்கும்போது நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் மார்பில் கட்டியோடு, பரிசோதனை முடிவுக்காக எங்கேயோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இது போய்ச் சேர்ந்தால் போதும் என்று எழுதுகிறேன்.

எங்கள் வீடு காரைக்கால்மேட்டில், சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பில் இருக்கிறது. கணவர் கடலுக்குப் போகிறவர். புது வீட்டுக்கு வந்த மறு வருடம், குளிக்கும்போது இடது மார்பில் கையில் ஏதோ தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவுதான். வலி இல்லை. வலித்திருந்தால் யாரிடமாவது சொல்லியிருப்பேன். வலிக்காத ஒன்றை, அதுவும் அந்த இடத்தில் இருப்பதை, எப்படிச் சொல்வது? அது நெல்லிக்காய் அளவு ஆன பிறகுதான், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வந்த நர்சம்மாவிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் நெடுநேரம் கை கழுவினார்.

காரைக்காலில் பார்த்துவிட்டு வெளியூரில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே நடைபாதை பெஞ்சில்தான் ரீத்தா மேரியைப் பார்த்தேன். காரைக்காலுக்குப் பக்கத்து ஊரான நெரவிக்காரி. என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். நடவு வேலைக்குப் போகிற பெண். அவளுக்கும் மார்பில்தான் கட்டி. கூட அவள் கணவர் அந்தோணி வந்திருந்தார். காரைக்காலில் ஒரு லேத் பட்டறையில் வேலை.

“மேட்டுலேர்ந்தா வர்றீங்க? கையில மீனு இல்லாம வந்துட்டீங்களேக்கா” என்றாள் ரீத்தா. எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

“சிரிங்கக்கா, இங்க யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. எனக்குத்தான் வெக்கமெல்லாம் போயிடுச்சு. இங்க உள்ள டாக்டருங்க பாத்த அளவுக்கு எங்க வீட்டுக்காரரு கூட என்னப் பாத்ததில்ல.”

“ஏ, சும்மா இரு புள்ள” என்று அந்தோணி தலையைக் குனிந்துகொண்டார்.

எங்கள் இருவருக்கும் பயாப்சி (கட்டியில் ஊசி குத்திச் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். புற்று என்றே வந்தது. அதன் பிறகு ஓர் இளம் பெண் டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். “எல்லாருக்கும் ஒரே மருந்தக் குடுத்துட்டு, கேக்குதா கேக்கலையான்னு காத்திருந்து பாக்கறோம். அப்படி இல்லாம, கட்டியப் பாத்தே எந்த மருந்து கேக்கும்னு முன்கூட்டியே சொல்ல முடியுமான்னு ஆராய்ச்சி நடக்குது. உங்க துணுக்க அதுக்கும் எடுத்துக்கலாமாம்மா?”

“முழுசையுமே எடுத்துக்குங்க டாக்டர். எனக்கு ஒண்ணும் வேணாம்” என்றாள் ரீத்தா. டாக்டர் சிரித்துவிட்டார். நானும் தலையாட்டினேன்.

துணுக்கில் செய்த அடுத்த சோதனையின் முடிவு வரும் நாளில் நடைபாதை நிறைய கூட்டம். டாக்டர் உள்ளே வேறு நோயாளியுடன் இருந்தார். ஊழியர் ஒருவர் வாசலில் நின்று பெயர்களைச் சத்தமாகப் படித்தார். “நெரவி ரீத்தா மேரி, பாசிட்டிவ். காரைக்கால்மேடு தனலட்சுமி, நெகட்டிவ்.” தனலட்சுமி நான்தான். இன்னும் சில பெயர்கள். பிறகு, “பாசிட்டிவ் எல்லாம் அந்தப் பக்கம் நில்லுங்க, டாக்டர் பேசுவாங்க. நெகட்டிவ் எல்லாம் அடுத்த வாரம் வாங்க” என்றார்.

பாசிட்டிவ் என்றால் எங்கள் பக்கத்தில் அப்போது ஒரே பொருள்தான். சுனாமிக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனங்கள் தெருத் தெருவாக நாடகம் போட்டுச் சொல்லிக்கொடுத்த சொல் அது. எய்ட்ஸ் என்று வாயால் சொல்லக் கூச்சப்பட்டவர்கள், “அவனுக்குப் பாசிட்டிவாம்” என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் ஒருவர் அந்தச் சொல்லோடுதான் செத்தார். அவர் வீட்டுக் கல்யாணத்தில் யாரும் கைநனைக்கவில்லை.

ரீத்தாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் நெரவிப் பெண். தன் கணவரின் தொண்டை வைத்தியத்துக்கு வந்தவர். புடவை முந்தானையை இழுத்துச் சுருட்டிக்கொண்டு எழுந்து, எதிர்ச் சுவர் ஓரமாகப் போய் நின்றார்.

அந்தோணி ரீத்தாவைப் பார்த்தார். “யாரு?” என்று மட்டும் கேட்டார்.

ரீத்தா அவர் கையைப் பிடிக்கப் போனாள். அவர் வாசலைப் பார்த்து நடந்தார். அவளும் பின்னால் ஓடினாள். டாக்டர் கதவைத் திறந்து அவள் பெயரைக் கூப்பிட்டபோது அந்த இடத்தில் யாருமில்லை.

கூட வந்திருந்த என் கணவர் பஸ் ஸ்டாண்டில் அல்வா வாங்கினார். வழியெல்லாம், “நெகட்டிவ்டி, தனம், நெகட்டிவ்!” என்று சொல்லிக்கொண்டே வந்தார். படகுத்துறையில் எல்லோருக்கும் சொன்னார். கோயிலில் தேங்காய் உடைத்தார். “அதான் ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சே, இன்னும் எதுக்கு ஆஸ்பத்திரி, கீஸ்பத்திரின்னு” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எனக்கும் போக வேண்டாம் என்றுதான் இருந்தது. ஆனால் கட்டி அதே இடத்தில் இருந்தது. அதனால் போனேன்.

டாக்டர் ஒரு தாளில் வட்டம் வரைந்து காட்டினார். “சில கட்டிக்கு மேல காது மாதிரி ஒண்ணு இருக்கும்மா. உடம்புல ஓடற ஹார்மோன் (உடம்பே சுரக்கும் நீர்) வளருன்னு சொல்றத அந்தக் காதால கேட்டுத்தான் கட்டி வளரும். அந்த மாதிரி கட்டியத்தான் பாசிட்டிவ்னு சொல்றோம். தினம் ஒரு மாத்திரை போட்டா அந்தக் காது அடைச்சுக்கும். உங்க கட்டிக்கு அந்தக் காது இல்ல. காதுல நாங்க தேடுற மூணு வகையுமே இல்ல. அதான் நெகட்டிவ்.”

“அப்ப நல்லதுதானே டாக்டர்?” என்றார் என் கணவர்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “இல்லங்க. அந்த மாத்திரை இவங்களுக்குக் கேக்காது. கீமோ (நரம்பு வழியாக ஏற்றும் கடுமையான மருந்து) ஒண்ணுதான் இருக்கு. அது கேக்குமா கேக்காதான்னு முன்கூட்டியே சொல்ற வழி எங்ககிட்ட இன்னும் இல்ல. பாசிட்டிவ்னு வந்திருந்தாத்தான் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.”

அல்வா வாங்கிய மனிதர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த நிமிடம் என் உயிரைப் பற்றிய நினைவு வரவில்லை. “நெரவி ரீத்தா வந்தாளா டாக்டர்?” என்று கேட்டேன்.

“வரல. அவங்களுக்குத்தான் நல்ல வாய்ப்பு. ஆபரேஷன் பண்ணி மாத்திரை குடுத்தா நல்லா கேக்கும். உங்களுக்குத் தெரிஞ்சவங்களா? எப்படியாவது வரச் சொல்லுங்கம்மா.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நெரவிக்குப் போனேன். அடுத்தவர் வீட்டுக்குப் போய் நானாகப் பேசியதே இல்லை. பஸ்ஸில் சொற்களை அடுக்கிக்கொண்டே போனேன். ரீத்தாவின் வீட்டில் அவளுடைய மாமியார் வாசலிலேயே நிறுத்தினார். ரீத்தா கொல்லைப்புறக் கொட்டகையில் இருந்தாள். அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய்.

“அம்மா, அது வேற பாசிட்டிவ்” என்றேன்.

“வேற பாசிட்டிவா? உங்க மீனுல சூடை, வஞ்சிரம்னு இருக்கற மாதிரி இதுலயும் ரகம் இருக்கா?”

“அவ கட்டிக்குக் காது இருக்கும்மா. மாத்திரை போட்டா...”

“மாருல காதாம்! கேட்டுக்குங்கடி!” என்று அவர் தெருவைப் பார்த்துக் கூவினார். எதிர் வீட்டில் சிரித்தார்கள். “ஒனக்கு என்ன வந்துச்சு, நீ சொல்லு.”

“எனக்கு நெகட்டிவ்.”

“அப்பறம் என்ன? நல்ல பொம்பள. நல்லபடியா வீடு போயிச் சேரு.”

பேச்சுக் கேட்டு ரீத்தா கொல்லை வழியாகச் சுற்றி வந்து வேலியோரம் நின்றாள். என்னைத் தொடாத தூரத்தில் நின்றாள். “நான் யாருகிட்டயும் போனதில்லக்கா. மாதாமேல சத்தியமா. எப்படி வந்துச்சுன்னே தெரியல” என்றாள். அவளும் நம்பிவிட்டாள். அது அந்த நோய் இல்லை என்று என்னால் முடிந்தவரை சொன்னேன். “டாக்டரு நல்ல சேதின்னு சொன்னாங்களா? பாசிட்டிவ் நல்ல சேதியா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு, “பாவம், ஒங்க மனசு நல்ல மனசுக்கா. ஆறுதலுக்குச் சொல்றீங்க” என்றாள்.

எனக்குக் கீமோ தொடங்கியது. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: வாந்தியைவிட வாய்ப்புண்தான் பெரிய கஷ்டம். ஆறிய நொய்க் கஞ்சி இறங்கும். காரம் கிட்டவே வரக்கூடாது. முடி தானாகக் கொட்டுவதற்குள் வழித்துவிடுவது நல்லது. தலையணையில் கொத்தாகப் பார்ப்பது வேண்டாத வேதனை.

மொட்டைத் தலையோடு மறுபடியும் நெரவிக்குப் போனேன். வேலியோரம் ரீத்தா என்னைப் பார்த்ததும் பழைய ரீத்தாவாகிவிட்டாள். “வேளாங்கண்ணியில மொட்டையாக்கா? சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே.” அவள் சிரிக்கும்போது இருமினாள். என்னோடு கிளம்பி வருகிறேன் என்றுகூடச் சொன்னாள். புடவை மாற்ற உள்ளே போனவளை மாமியார் விடவில்லை. என் தலையையும் இளைத்த உடம்பையும் பார்த்து, “இவளுக்கும் அதேதான். நெகட்டிவ்னு பொய் சொல்லிக்கிட்டுத் திரியுறா. ரெண்டும் ஒரே எடத்துல வாங்குனதா இருக்கும்” என்றார். இந்தப் பேச்சு மேடுவரை வந்தது. பால்வாடிக்குப் பிள்ளைகளை அனுப்புவது குறைந்தது. என் கையால் சோறு ஊட்ட வேண்டாம் என்று இரண்டு தாய்மார்கள் வந்து சொன்னார்கள். நெகட்டிவ் என்று தேங்காய் உடைத்த மனிதர், அன்று அவர்கள் போன பிறகு, சோற்றைப் பிசைந்து தன் வாயில் ஊட்டச் சொன்னார். ஊட்டினேன்.

என் கட்டி கரைந்தது. ஆபரேஷனில் மார்பை எடுத்துச் சோதித்தபோது அதில் உயிருள்ள புற்று எதுவும் மிச்சமில்லை என்றார்கள். “கேட்டிருக்கும்மா! இவ்வளவு நல்லா ஏன் கேட்டுச்சுன்னுதான் இனிமே தேடணும்” என்று டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எந்த மருந்தும் கேட்காமல் போய்விடுவேன் என்று நினைத்த நான் பிழைத்தேன்.

அடுத்த வருடம் அந்தோணி பால்வாடி வாசலில் வந்து நின்றார். “கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குக்கா. மூச்சு விட முடியல. அந்த டாக்டர் எங்கன்னு காட்டுங்க” என்றார். அன்றே போனோம். ரீத்தா பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து வந்தாள். தோள் சுட்டது.

டாக்டர் ஸ்கேன் படங்களைப் பார்த்தார். ஈரல், நுரையீரல், எலும்பு எல்லாவற்றிலும் பரவியிருந்தது. அந்தோணியை மட்டும் உள்ளே அழைத்தார். அவர் என்னையும் வரச் சொன்னார். இது எய்ட்ஸ் இல்லை, எப்போதுமே இல்லை என்று டாக்டர் சொன்னபோது அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

“அப்ப அந்த மாத்திரை, இப்பக் குடுத்தா?”

“குடுக்கறேன். ஆனா அது கேக்கறதுக்குக் கொஞ்ச காலம் வேணும். அந்தக் காலம் இவங்ககிட்ட இல்லீங்க. அப்பவே குடுத்திருந்தா கேட்டிருக்கும்.”

வெளியே வரும்போது நான் டாக்டரிடம், “அவ குடுத்த துணுக்கு ஆராய்ச்சிக்காவது உதவுமா?” என்று கேட்டேன். “சேர்க்க முடியாதும்மா. மாத்திரை சாப்பிட்டவங்களத்தான் கணக்குல எடுப்போம். இவங்களுக்குக் கேட்டுச்சா இல்லையான்னு எங்களால எழுத முடியாதே.”

ரீத்தா மாத்திரையை விழுங்கத் தொடங்கினாள். டப்பாவை ஆட்டிச் சத்தம் கேட்டுவிட்டு, “இத்துனூண்டுக்காக்கா இவ்வளவு கூத்து?” என்றாள். அந்தோணி அவளை வீட்டுக்குள் படுக்க வைத்தார். மாமியார் தன் பாயைத் திண்ணைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். தெருவில் யாருக்கும் அந்தோணி எதையும் சொல்லவில்லை. சொன்னால் நம்ப மாட்டார்கள் என்றார்.

டப்பா பாதிகூடக் காலியாகவில்லை. ஒரு மாலை, ரீத்தா போய்விட்டாள் என்று அவரிடமிருந்து போன் வந்தது.

அன்று மாலை என் உடம்பை நான் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் தட்டை. தழும்பில் உணர்ச்சி இல்லை; விரல் தொடுவதை விரல்தான் சொல்கிறது, மார்பு சொல்வதில்லை. என்னுடையது என்று நான் நினைத்த உடம்பு தனக்கென்று எதையோ முடிவு செய்து, பிழைத்து, அதற்குப் பிறகே எனக்குச் சொல்லி அனுப்பியது. காலமும் முன்போல இல்லை. அடுத்த வாரம் வாங்க என்று யாராவது சொன்னால், அந்த வாரம் எனக்கு முன்னால் ஒரு பெரிய வெளியாகக் கிடக்கிறது. அதைக் கடந்து அந்தப் பக்கம் போனவள் நான்.

ஆகவே உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். முடிவைச் சொல்கிறவர் ஒரு சொல்லைச் சொன்னால், அதன் பொருளை அவர் வாயால் கேட்காமல் பெஞ்சைவிட்டு எழுந்திருக்காதீர்கள்.

மறுநாள் காலை நெரவியில் அடக்கம். பெட்டியைத் தூக்கிய நான்கு பேரும் கைகளில் பாலிதீன் பை மாட்டியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் அந்தோணி.