இரண்டாம் பின், மூன்றாம் பின்

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் இணைக்கிற கேபிளின் முனையில் இருபத்தைந்து பின் இருக்கும். அத்தனையும் வேலை செய்யுமா என்றால், கல்யாண வீட்டில் எல்லோரும் வேலை செய்கிற மாதிரிதான். எங்களுக்கு முக்கியமானவை இரண்டாவதும் மூன்றாவதும். ஒன்று அனுப்ப, ஒன்று வாங்க. எங்களிடம் இருந்த கம்ப்யூட்டர், பிரிண்டர் இரண்டுமே இரண்டாம் பின்னில்தான் அனுப்பும். அதனால் கேபிளின் ஏதாவது ஒரு முனையில் மட்டும் அந்த இரண்டு ஒயர்களை இடம் மாற்றிப் பற்றவைக்க வேண்டும்.

எண்பதுகளின் கடைசி. ரேணிகுண்டாவில் ஒரு தொழிற்சாலையில் நானும் என் கணவரும் வேலை பார்த்தோம். அவர் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ், நான் அக்கவுண்ட்ஸில் கம்ப்யூட்டர். அதற்குச் சில மாதங்கள் முன்பு எங்கள் முதல் குழந்தை திருப்பதி ஆஸ்பத்திரியில் பிறந்து, அவர் ஷிப்டிலிருந்து ஓடி வருவதற்குள் போய்விட்டது. அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. என்னை அழவைக்கக் கூடாது என்று அவர், அவரை அழவைக்கக் கூடாது என்று நான். என் வேலையை அவர் சத்தமில்லாமல் செய்துவைப்பார், அது தெரியாமல் நானும் செய்வேன். ஒருநாள் குழம்பில் இரண்டு பேரும் உப்புப் போட்டுவிட்டோம். இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தோம். ஆயுசு முழுக்க இப்படியே ஓடிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

பிரிண்டர் போடுகிற கூச்சல் தாங்காமல் மேனேஜர் அதைப் பக்கத்து அறைக்கு மாற்றச் சொன்னார். கூட வந்த கேபிள் எட்டவில்லை. நீள ஒயர் வாங்கிச் சுவரில் ஓட்டை போட்டு இழுத்தோம். கம்ப்யூட்டர் பக்கம் அவர், பிரிண்டர் பக்கம் நான். பாலிடெக்னிக்கில் பழகிய கை, எனக்கும் சால்டர் நன்றாகவே வரும்.

மாட்டிப் பார்த்தால் ஒரு எழுத்துகூட அச்சாகவில்லை.

"அயிந்தா அம்மா?" என்று மேனேஜர் தெலுங்கில் கேட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார். முடியவில்லை என்று தெரிந்ததும் டீ குடிக்கப் போய்விட்டார். நல்ல மனுஷன்.

என் கணவர் மீட்டரை எடுத்து வந்து என் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தார்.

"நீ மாத்தினியா?"

"ஆமா. நீங்க வேற ஏதோ நெனப்புல கீறீங்க, மறந்துடுவீங்கன்னு நானே மாத்திட்டேன்."

"நானும் மாத்திட்டேன். உனக்கு எதுக்குத் தொல்லைன்னு நெனச்சிக்கினு."

இரண்டு முனையிலும் மாற்றினால் மாற்றாததற்குச் சமம். நான்தான் முதலில் சிரித்தேன். அவரும் சிரித்தார். எத்தனையோ நாள் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். என் முனையைப் பிரித்து நேராக்க ஆரம்பித்தேன். அவர் எழுந்து போகவில்லை. கையிலிருந்த ஒயரையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அன்னிக்கி... அது அழுதுச்சா?"

இத்தனை நாளும் அவர் கேட்டுவிடக் கூடாதே என்று நான் பயந்த கேள்வி அதுதான்.

"அழுதுச்சி. ஒரே ஒரு தபா. நல்லா சத்தமாவே அழுதுச்சி."

அவர் மீட்டரைத் தரையில் வைத்தார்.

"இன்னொரு தபா சொல்லு" என்றார்.