பட்டாணி அக்காவின் கைகள்

கையைக் கழுவிவிட்டு விரல்களை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறாள். திருப்தியில்லை. மறுபடி சோப்பு, மறுபடி குழாய், மறுபடி மூக்கு. கையுறை போட்டுக்கொண்டு செய்கிற வேலைதான், ஒரு துளி மேலே பட்டதில்லை. ஆனாலும் சந்தேகம் விடமாட்டேன் என்கிறது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்குமுன் ஒருமுறை, வீட்டுப் பூட்டைத் திறக்குமுன் ஒருமுறை. உள்ளே போனால் அவளை மோந்து பார்க்க வேறு மூக்கு கிடையாது என்பது வேறு விஷயம்.

ஆஸ்பத்திரி வராந்தாவின் கடைக்கோடி அறை அவளுடையது. குழந்தைகளின் மலத்தை மெஷினில் வைத்து, காசநோய் இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துச் சொல்லவேண்டும். "இருமலுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்று கேட்காத தாய் இல்லை.

"பெரியவங்கன்னா சளியக் காறித் துப்பிருவாங்க. உன் புள்ளைக்குத் துப்பத் தெரியுமா? முழுங்கிரும். முழுங்கின கிருமி எந்த வழியா வரும்? அந்த வழியாத்தான் வரும்" என்பாள். இதைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் ஒரு குறும்பு எட்டிப் பார்க்கும். கூடவே, "பட்டாணி அளவு போதும்மா" என்பாள். யார் கேட்கிறார்கள்? சாப்பாட்டு டப்பா நிறையக் கொண்டுவந்து பெருமையாக நீட்டிய தகப்பன்கூட உண்டு. "என்னப்பா, விருந்தா வச்சிருக்கேன்?" என்று அவள் கேட்டதில் வராந்தாவே சிரித்தது. பட்டாணி அக்கா என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

வாய் நிறைய அக்கா என்பார்கள், பக்கத்தில் உட்காரமாட்டார்கள். டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் சாப்பிட வந்தால் நர்சுகளுக்குத் திடீரென்று எங்கிருந்தோ வேலை வந்துவிடும். சரி, அவர்கள் அந்நியர்கள். கூடப்பிறந்த தங்கை மட்டும் என்ன வாழ்ந்தது? "இப்பத்தான் குளிப்பாட்டினேன்க்கா, அப்புறம் தூக்கிக்கோ" என்பாள், குழந்தையை மார்போடு அணைத்தபடி. அந்த 'அப்புறம்' வருவதற்குள் குழந்தை நடக்கவே ஆரம்பித்துவிட்டது. அது நடந்ததைப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள். அழாமல் என்ன செய்வாள், அவளும் மனுஷிதானே.

போன வாரம் ஒரு நாள் காலை வந்த டப்பாவைத் திறந்தவள் திகைத்துப்போனாள். கம்மென்று பவுடர் வாசனை! வெளியே பெஞ்சில் ஓர் இளம்பெண். மடியில் எலும்பும் தோலுமாக ஒரு பெண்குழந்தை, இருமக்கூடத் தெம்பில்லாமல்.

"என்னம்மா போட்ட இதுல?"

"பாப்பா பவுடர்தான்க்கா. நாள் பூரா நீங்க இதுலயே கெடக்கீங்க. நாத்தம் அடிக்கக் கூடாதேன்னு..."

திட்ட வாயெடுத்தவள் டப்பாவை மெல்ல மூடினாள். இத்தனை வருஷத்தில் அவள் மூக்கைப் பற்றி நினைத்துப் பார்த்த முதல் ஆள். பாவி மகள், அந்த நல்ல மனசாலேயே சாம்பிளைக் கெடுத்து வைத்திருக்கிறாள்.

"இத வச்சுப் பாத்தா மெஷின் சொல்றத நம்ப முடியாதும்மா. வேற வேணும்."

"அவ தெனமும் போகமாட்டாக்கா. வீடு ரொம்ப தூரம். ஒரு இருமலுக்கு எத்தனை தடவ அலைவேன்னு மாமியார் சத்தம் போடறாங்க. இன்னொரு தடவ விடமாட்டாங்க."

இப்போது எழுந்து போனால் இவள் திரும்பி வரமாட்டாள். நோய் இருந்து மருந்து தொடங்காவிட்டால் இந்த உடம்பு தாங்காது. இரண்டும் பட்டாணி அக்காவுக்குத் தெரியும். "எங்கயும் போகாத. இங்கயே இரு" என்றாள். வெந்நீர் கொண்டுவந்தாள். வாழைப்பழம் வாங்கிவரச் சொன்னாள். அறைக்கும் பெஞ்சுக்கும் நடையாய் நடந்தாள். "என் ராஜாத்தி, கொஞ்சம் முக்குடி. உன்கிட்ட வேற என்ன கேட்டேன்?" என்று கெஞ்சினாள். போகிறவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

வெயில் வராந்தாவைவிட்டு இறங்கிய நேரத்தில் ராஜாத்தி மனசு வைத்தாள்.

பட்டாணி அளவு குச்சியில் எடுத்து, மருந்துநீரில் போட்டுக் குலுக்கி, கசடு அடியில் தங்கும்வரை காத்திருந்து, மேலே தெளிந்ததை மட்டும் உறிஞ்சி மெஷினுக்குக் கொடுத்தாள். மெஷின் சொன்னது: கிருமி இருக்கிறது.

இளம்பெண் உடைந்து அழுதாள். "அட, எதுக்கு அழற? கண்டுபுடிச்சாச்சுல்ல? மருந்து இருக்கு. இன்னைக்கே ஆரம்பி, தேறிருவா. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், போய்ப் பாரு" என்றுவிட்டு உள்ளே போனாள். கையுறையைக் கழற்றினாள். கையைக் கழுவினாள், துடைத்தாள்.

மருந்துச் சீட்டோடு திரும்பிய இளம்பெண் அறை வாசலில் வந்து நின்றாள். "மருந்து குடுக்கற எடத்துல மூடப்போறாங்களாம்க்கா. இவளக் கொஞ்சம் புடிங்க, ஓடியாந்துர்றேன்."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. குழந்தையை நீட்டிவிட்டாள்.

பட்டாணி அக்காவின் விரல்கள் மூக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. பாதி வழியில் திரும்பி வந்து, குழந்தையை வாங்கிக்கொண்டன.