பொன்னுதுரைக்கு மட்டும் புரிந்த நாவல்

கடவுள் பொன்னுதுரைக்கு மூளையைக் கொடுக்கும்போது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முகத்தைக் கொடுக்கும்போது அள்ளிக் கொட்டிவிட்டார். இப்படிச் சொல்வது வேறு யாருமில்லை, பொன்னுதுரையேதான். பிற்காலத்தில் மலாக்காவில் பள்ளி ஆசிரியனாக இருந்தபோது, நாலு பேர் சேர்ந்தால் போதும், தன் தலையில் தானே குட்டிக்கொள்ள ஆரம்பித்துவிடுவான். அதில் அவனுக்கு மிகவும் பிடித்தது அந்த நாவல் விவகாரம்.

அவன் பிறந்தது மலாக்காவின் காஜா பேராங்கில், மலாக்கா செட்டிகள் குடியிருக்கும் தெருவில். அவர்களுக்குப் பெயர் தமிழ், சாமி தமிழ். வீட்டுப் பேச்சு மட்டும் மலாய். கோயிலில் பாடுகிற பாட்டை ரூமி என்கிற ரோமன் எழுத்தில் எழுதி வைத்து நெட்டுருப் போடுவார்கள். அர்த்தம் யாருக்கும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? மணியடித்துப் பாட்டு எழும்பியதும் தெருவே கண்ணை அரைவாசி மூடி, தலையை லேசாகச் சாய்த்து உருகி நிற்கும். பொய்யாக அல்ல, மனசார உருகும். அந்தக் கூட்டத்தில் ஆறு வயதிலிருந்து முன்வரிசையில் நின்று பாடியவன் பொன்னுதுரை. புரியாமல் உருகுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

மெர்டேக்கா என்று முழங்கி மலாயா விடுதலை பெற்ற அடுத்த வருஷம் அவன் சிங்கப்பூரில் பல்கலைக்கழக மாணவன். படித்தது ஆங்கில இலக்கியம். விரிவுரையாளர் ஒரு வெள்ளைக்காரர், நவீன நாவல் என்றால் அவருக்கு உயிர். அந்த வருஷம் அவர் எடுத்த நாவலில் ஒரு மனிதன் குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாமா என்று யோசிக்கிறான். யோசிக்கிறான், யோசிக்கிறான், இருநூறு பக்கத்துக்கு யோசிக்கிறான். நடுவில் ஒரு கால்புள்ளிகூடக் கிடையாது. கடைசியில் குடையையும் எடுக்கவில்லை, கடைக்கும் போகவில்லை.

வகுப்பில் சிலர் கொட்டாவி விட்டார்கள், சிலர் கதை எங்கே என்று சண்டைக்குப் போனார்கள். பொன்னுதுரைக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரியாத ஒன்றைப் பெரியவர் ஒருவர் உரக்கப் படித்தால் என்ன செய்ய வேண்டுமோ, அதை அவன் உடம்பு தானாகவே செய்தது. கண் அரைவாசி மூடியது, தலை சாய்ந்தது. விரிவுரையாளர் படிப்பதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்.

"மற்றவர்கள் வாதாடுகிறார்கள். மிஸ்டர் பொன்னுதுரை உள்வாங்குகிறார்" என்றார்.

அன்றோடு அவன் கதை மாறிவிட்டது. ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அப்படி அந்த வகுப்புக்கு அவன்தான் சர்க்கரை. மாணவர்கள் வந்து விளக்கம் கேட்டார்கள். "அவசரப்படக் கூடாது, நாவல் தானாக வந்து பேசும்" என்று ஒரு போடு போட்டான். வெட்கமாக இருந்ததா என்றால், இல்லை. சுகமாக இருந்தது.

அதே பதிலைச் சாரதாம்பாளுக்கும் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. அவளும் அதே வகுப்பு, மலாக்காவில் புக்கிட் காதில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக உழுது படிப்பவள். அவளைப் பொன்னுதுரைக்குப் பிடிக்கும், சொல்லத்தான் வாய் வரவில்லை. நாவல் தானாகப் பேசும் என்று அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் அகராதியை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

விடுமுறையில் காஜா பேராங் மாரியம்மன் திருவிழாவுக்கு அவள் குடும்பத்தோடு வந்திருந்தாள். மலாய்க்காரர் மாதிரி கெபாயாச் சட்டை போட்ட செட்டிப் பெண்கள் நடுவே சேலையில் அவளைக் கண்டதும் பொன்னுதுரை ஓடோடிப் போனான். அவர்கள் பேசிக்கொள்வது ஆங்கிலமும் மலாயும் கலந்துதான். கோபம் வந்தால் மட்டும் அவள் தமிழில் திட்டுவாள், அவனுக்குப் புரியாது என்ற தைரியத்தில்.

"நான் இனிமே சிங்கப்பூருக்கு வரல" என்றாள்.

"ஏன், என்னாச்சு?"

"அந்த நாவல் எனக்கு ஏறல. மூணு தடவை படிச்சுட்டேன், மண்டையில ஒண்ணும் நிக்கல. நீங்க என்னடான்னா அப்படியே கரைஞ்சு போய் உக்காந்திருக்கீங்க. எனக்கு அந்தப் படிப்புக்குத் தகுதி இல்ல. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல வேலை கேக்கச் சொல்லி அப்பாகிட்டச் சொல்லிட்டேன்."

திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி நின்றான் பொன்னுதுரை. 'எனக்கும் புரியவில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் திரும்பி வந்துவிடுவாள். வார்த்தை தொண்டைவரை வந்தது. கூடவே 'மிஸ்டர் பொன்னுதுரை உள்வாங்குகிறார்' என்பதும் வந்தது. வகுப்பு கொண்டாடிய அந்தப் பெரிய மனிதனை இழக்க அவனுக்கு மனசு வரவில்லை. அதற்குள் பாட்டுக்கு நேரமாகிவிட்டதென்று உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

பாடினான். மனசில் இருந்த சங்கடமெல்லாம் குரலில் இறங்கிவிட்டது போல. பாடி முடித்து வெளியே வந்தால், சாரதாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கடைசி அடியை எப்படிங்க அப்படிப் பாடுனீங்க? எனக்காகவே பாடுன மாதிரி இருந்துச்சு. உங்களுக்கு எல்லாமே புரியுது. நாவலும் புரியுது, இதுவும் புரியுது. நான்தான் மரமண்டை."

சிங்கப்பூரில் சுகமாக இருந்த புகழ்ச்சி இங்கே சுட்டது. அவள் அழுத கண்ணைப் பார்த்துக்கொண்டு அவனால் அதை விழுங்க முடியவில்லை.

"எனக்கு அதுக்கு அர்த்தம் தெரியாது" என்றான்.

"சும்மா சொல்லாதீங்க லா. தமிழ் பேச வராட்டியும் சின்னப் பிள்ளையிலேருந்து பாடுறீங்க, அர்த்தம் சொல்லிக் கொடுக்காமலா இருப்பாங்க? என்னதான் நெனச்சுப் பாடுவீங்க?"

"கப்பல் பத்தினதுன்னு நெனச்சேன். கப்பல் பத்திரமா கரை சேரணும்னு. எங்க தெருவுல எல்லாருமே அப்படித்தான் நெனச்சிருக்கோம்."

"கப்பலா?"

அவள் முகத்தில் சிரிப்பு மெல்லக் கிளம்பியது. பிறகு அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"தாயே, நான் எதுவும் படிக்கல, எனக்கு ஒண்ணுமே தெரியாது, தெரிஞ்ச மாதிரி வேஷம் போட்டுத் திரிஞ்சேன், ஆனாலும் கதவைத் தொறன்னு கெஞ்சுற பாட்டுங்க அது! வருஷா வருஷம் ஊரைக் கூட்டி வெச்சு உங்க குட்டை நீங்களே பாடிக்கிட்டு இருந்திருக்கீங்க."

பொன்னுதுரைக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. அவள் திடீரென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"அப்ப நாவல்லயும் கப்பல்தானா?"

"அதுல கப்பல்கூட இல்ல. எனக்கு ஒரு வரிகூடப் புரியல."

அவள் தமிழில் ஏதோ சொன்னாள். அர்த்தம் தெரியாவிட்டாலும் இந்தத் தடவை அவனுக்குத் தெளிவாகப் புரிந்தது.

"என்னை நானே எவ்வளவு மட்டமா நெனச்சு அழுதேன் தெரியுமா? இதை நீங்க வகுப்புல எழுந்து நின்னு சொல்லணும். அதைக் கேக்க ஒரே ஒரு நாள் வர்றேன். அதுக்கப்புறம் இருக்குறதா போறதான்னு நான் பாத்துக்கறேன்."

விடுமுறை முடிந்த முதல் வகுப்பில் அவள் முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். விரிவுரையாளர் நாவலைத் திறந்ததும் பொன்னுதுரை எழுந்தான்.

"சார், எனக்கு இந்த நாவல் புரியவில்லை. ஆரம்பத்திலிருந்தே புரியவில்லை. புரிந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்."

திட்டுவார், வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தான். அவர் புத்தகத்தை மூடிவிட்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் தூங்கி வழியும்போது, ஒருவனுக்காவது போய்ச் சேருகிறதே என்று உன் முகத்தைப் பார்த்துத்தான் மேலே மேலே படித்தேன். அப்படியானால் இத்தனை நாள் நான் யாருக்குப் பாடம் நடத்தினேன்?"

கேலியில்லை, நிஜமாகவே கேட்டார். பொன்னுதுரை அதுவரை தன்னை முட்டாள் என்றுதான் நினைத்திருந்தான். ஒரு நல்ல மனிதரை இத்தனை நாள் ஏமாற்றியிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

முன்பெஞ்சில் சாரதாம்பாள் அகராதியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இனிமே எனக்கு நடத்துங்க சார். முதல் பக்கத்திலேருந்து."