நான் உலர்த்திய மேளம்

போர் முடிந்துவிட்டதென்று செய்தி வந்த வாரம். என் தம்பியைத் தன் கையாலேயே புதைத்த நண்பன் வவுனியா முகாமிலிருந்து எனக்குப் போன் எடுத்துச் சொல்லி நான்கு நாளாகியிருந்தது. அம்மாவிடம் நான் வாய் திறக்கவில்லை. பிரஷர்காரி, தாங்கமாட்டார் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோ வீட்டில் அவர், பிள்ளை உயிரோடு வரவேண்டுமென்று விரதம் இருந்துகொண்டிருந்தார்.

பக்கத்தில் வெக்ஸ்போர்ட்டில் ஒரு மண்டபத்தில் எனக்குத் துப்புரவு வேலை. அந்தச் சனிக்கிழமை மதியம் அங்கே ஜப்பானியரின் பழைய நாடகம். மேளக்காரி என் வயதுக்காரி. உடுக்குப்போல இடை சிறுத்த தன் மேளத்தை மேடைக்குப் பின்னால் வைத்துவிட்டு உடுப்பு மாற்றப் போனாள். சுசுமி என்பார்கள், தோளில் வைத்துக் கையால் அடிப்பது. அதன் பின்பக்கத் தோலில் நகமளவு ஈரக் காகிதம் ஒட்டியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஊரில் பத்து வருடம் மிருதங்கம் அடித்தவனுக்கு, ஈரம் பட்ட தோல் என்ன பாடுபடுத்தும் என்று தெரியாதா? பெரிய வித்துவான் நினைப்பில் காகிதத்தை உரித்து, தோலைத் துடைத்து, ஜன்னல் வெயிலில் வைத்தேன்.

அவள் வந்து ஒரு தட்டுத் தட்டினாள். பலகையில் தட்டியதுபோல 'டக்' என்றது.

"இதை உலர்த்தியது நீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன்."

"இந்தத் தோலுக்கு ஈரம் வேண்டும். காய்ந்தால் குரல் வராது."

தோலுக்கு வாயைக் கிட்டக் கொண்டுபோய் ஊதினாள். மறுபடி மறுபடி ஊதினாள். புதுக் காகிதமொன்றை நாக்கில் நனைத்து ஒட்டினாள். மேடையில் எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசியில் 'பொம்' என்று ஆழத்திலிருந்து ஒரு ஒலி எழுந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவிடம் மறைத்ததற்கும் 'நல்லதென்று நினைத்துத்தான்' என்றே நான்கு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நாடகம் முடியும்வரை என்னால் நிற்க முடியவில்லை. மண்டபப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அம்மா சாமிப் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, தம்பி இல்லையம்மா."

அவர் திரும்பவில்லை. "உனக்கு எப்ப தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."

கையில் மிச்சமிருந்த பூவைத் தட்டிலேயே திருப்பிப் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாலு நாளா என்ரை பிள்ளைக்கு நான் அழாமல் இருந்திட்டனேடா."