கண்ணாடியில் படாத பந்து

போன மாதம் எங்கள் அபார்ட்மெண்ட் செக்ரட்டரி, அட்டையில் செருகிய ஒரு காகிதத்தைக் கொடுத்து எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். முடிச்சூரில் நாற்பத்தெட்டு வீடுகள் உள்ள கட்டடம் அது. நான் அங்கே வாட்ச்மேன். மோட்டார் போடுவதும் நான்தான், வாசல் கண்ணாடிக் கதவைத் துடைப்பதும் நான்தான். காகிதம் முழுக்க இங்கிலீஷ். முதல் மாடி டீச்சரம்மா கதவைத் திறந்து, "என்னதுங்க இது?" என்று கேட்டார்.

"தெரியலம்மா. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. நீங்க படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க" என்றேன்.

அவர் படித்தார். "தண்ணி டேங்க் கழுவுறதுக்காம்பா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த வீட்டுக்குப் போகாமல் நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்துவிட்டது! கூரை இடிந்து விழவில்லை. டீச்சரம்மா என்னை ஏற இறங்கப் பார்க்கவும் இல்லை. இதே பேச்சை ஒரு முறை, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டேன். அதனால் ஒரு மனிதனைக் கைமாற்றிக் கொடுத்தேன். அவன் பெயர் தேசிங்கு. பாஸ்கெட்பால் ஆடுவான்.

அப்போது நான் தாம்பரம் சானடோரியம் பக்கம் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் கிரவுண்டு ஆளாக இருந்தேன். கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு பாஸ்கெட்பால் டீம் இருந்தது. ஆடுகிறவர்களுக்குப் பேருக்கு ஒரு வேலை. காலையில் வந்து கையெழுத்துப் போட்டால் போதும், அதன் பிறகு ஆட்டம்தான். ஆடுவதற்குத்தான் சம்பளம். சிமெண்டுத் தரையைக் கூட்டுவது, கோடு போடுவது, பந்துக்குக் காற்றடிப்பது, ஐஸ் கொண்டு வருவது என் வேலை. குரோம்பேட்டைப் பக்கமிருந்து காற்றடித்தால் தோல் கிடங்கின் நாற்றம் வரும். வெளியூர் டீம்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் ஆட்கள் அதை ஆறாவது ஆட்டக்காரன் என்பார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதோடு கூச்சம் வேறு. டீக்கடையில் சர்க்கரையைக் குறைக்கச் சொல்ல வாய் வராமல், ஆறு வருஷம் பாயசம் மாதிரி டீயைக் குடித்தவன் நான். ஆனால் கம்பெனியில் ஒருவருக்கும் என் படிப்பு தெரியாது. காரணம் ஒரு பச்சை ஃபைல். ஸ்போர்ட்ஸ் ஆபீசர் ஜெயசீலன் சார், போட்டிகளுக்கான என்ட்ரி பாரங்களை அதில் போட்டு என்னிடம் கொடுப்பார். ஆட்டக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அதைக் கக்கத்தில் வைத்து நடந்தால் நடையே வேறு மாதிரி ஆகிவிடும். "ஆபீசர் வர்றாரு, எய்ந்துருங்கப்பா" என்று தேசிங்கு கத்துவான். கேலிதான். ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது.

ஸ்போர்ட்ஸ் ரூமில் இங்கிலீஷ் பேப்பர் வரும். யாரும் இல்லாதபோது படம் பார்ப்பேன். ஒரு நாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது தேசிங்கு தலையை நீட்டினான். அவனும் எட்டாவதில் நின்றவன்தான்; தன் பெயரை இங்கிலீஷில் எழுதுவான், அவ்வளவுதான்.

"நம்ம மேட்சப் பத்தி இன்னாண்ணா போட்டுகீறான்?"

"நல்லாப் போட்டிருக்கான்" என்றேன்.

"என் பேரு?"

"ரெண்டு இடத்துல இருக்கு."

அவன் அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அது எங்கள் மேட்ச் பற்றிய பக்கமா, அரிசி விலை பற்றியதா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தேசிங்கு பெரிய உயரமில்லை. பனையூர்ப் பக்கத்துக் குப்பத்துப் பையன். அவன் அம்மா மீன் விற்றாள். வலை இழுத்த தோளும் மணலில் ஓடிய காலும் அவனுக்கு. அவனுடைய விசேஷம் போர்டு ஷாட். வளையத்துக்குக் குறி வைக்காமல், அதன் பின்னால் இருக்கும் பலகையில் அடித்து உள்ளே விழ வைப்பான். எங்கள் பலகைகள் பழைய மரம். மழையில் ஊதி வெயிலில் காய்ந்து, ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு மாதிரி பந்தைத் திருப்பும். ஆட்டத்துக்கு முன்னால் என் ஏணியில் ஏறி, விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்ப்பான், வைத்தியர் நெஞ்சைத் தட்டுகிற மாதிரி. "இங்க சளி கட்டிகீது" என்பான். அந்த இடத்தில் பட்டால் பந்து உயிர்போய்ப் பொத்தென்று வளையத்தில் விழும். அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். பின்னே எனக்கும்.

ஷிஃப்ட் முடிந்த தொழிலாளிகள் காம்பவுண்டுச் சுவரில் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். "மீனு, வலையப் போடுடா!" என்று அவனுக்குக் கூச்சல். எதிராளி தவறவிட்டால், "மச்சான், ரிங்கு இங்க கீது, பல்லாவரத்துல தேடாத!"

அவனை இரண்டு வெளியூர் டீம்கள் கூப்பிட்டன. சம்பளம் கூட. அவன் போகவில்லை. சுனாமி வந்து போன மறுவருஷம் அது. அலை வந்த காலையில் அவன் அம்மா கூடையோடு மணலில் இருந்தாள். பனைமரத்தைக் கட்டிப்பிடித்துப் பிழைத்தாள். அன்றிலிருந்து மகன் பக்கத்தில் படுத்தால்தான் அவளுக்குத் தூக்கம். "கெய்வி தூங்கணும்ணா. அதுக்கு நான் வூட்ல இருக்கணும். அவ்ளோதான் கணக்கு" என்றான் என்னிடம். ஜெயசீலன் சாரிடமும் அதையேதான் சொன்னான்.

இன்னொன்றையும் அடிக்கடி சொல்வான். "கண்ணாடி போர்டு வேணும்னு கேளுண்ணா. மய வந்தா இது ஊதிக்குது. கண்ணாடின்னா பின்னால வானம் தெரியும். அதுல நம்ம பந்து எப்பிடிப் போவுதுன்னு பாக்கணும்ணா." அவனுக்காக நான் ஒரு நாள் துணிந்து ஜெயசீலன் சாரிடம் கேட்டுவிட்டேன். வாழ்க்கையில் நான் வாய் திறந்து கேட்ட ஒரே பொருள் அது. சார் பேனாவைக் கடித்துக்கொண்டு, "பாக்கலாம்" என்றார்.

பார்த்தார். சில வாரம் கழித்துக் கோயம்புத்தூர் மில் ஒன்றிலிருந்து இரண்டு பேர் வந்து எங்கள் கம்பங்களை அளந்தார்கள். அவர்களும் டீம் வைத்திருந்தவர்கள். டேப்பின் ஒரு முனையை நான்தான் பிடித்தேன். கண்ணாடி வரப்போகிறது என்று புரிந்தது. அது எதற்குப் பதிலாக என்று புரியவில்லை. அன்று மாலை தேசிங்கிடம் சொன்னபோது என்னை இடுப்போடு தூக்கி ஒரு சுற்று சுற்றினான்.

மறு வாரம் அவன் லீவில் இருந்த நாளாகப் பார்த்து சார் பச்சை ஃபைலைக் கொடுத்தார். "தேசிங்கு வீட்டுக்குப் போய் வாங்கிட்டு வந்துடு. நீ போனா அவன் கேள்வி கேக்க மாட்டான்" என்றார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். தாம்பரம் கிழக்கில் பஸ் ஏறி, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் தாண்டி, ஷேர் ஆட்டோ பிடித்துக் குப்பத்துக்குப் போகும் வரை மடியிலேயே வைத்திருந்தேன்.

அவன் அம்மா என்னை எப்போதும் நாற்காலியில்தான் உட்கார வைப்பாள். ஃபைல் வைத்திருக்கிறவன் கீழே உட்காரக் கூடாதாம். டீ வந்தது. கவிழ்த்துப் போட்டிருந்த படகின் மேல் காகிதங்களை வைத்துத் தேசிங்கு கையெழுத்துப் போட ஆரம்பித்தான். இரண்டு, மூன்று. நான்காவது, இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு வெள்ளைத் தாள். வழக்கமான பாரத்தில் இருக்கும் கட்டங்களும் கோடுகளும் அதில் இல்லை.

"இது இன்னாண்ணா?"

அவன் அம்மா டம்ளரோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தாளை வாங்கி, மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினேன். படிக்கிறவர்கள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார்களோ அவ்வளவு நேரம் ஓட்டினேன்.

"அதுவும் என்ட்ரி பாரம்தான்" என்றேன்.

போட்டான். அவன் அம்மா ஆறு சங்கரா மீனைப் பனை ஓலையில் கட்டிக் கொடுத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார். நான் மீனை ஒரு பக்கமும் ஃபைலை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு, ஃபைலில் நாற்றம் ஏறிவிடக் கூடாதே என்று மட்டும் கவலைப்பட்டேன்.

திங்கட்கிழமை ஜெயசீலன் சார் எல்லோரையும் ஸ்போர்ட்ஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். தேசிங்கு சொந்த விருப்பத்தின் பேரில் இங்கிருந்து விலகி, மூன்று வருஷம் மில்லுக்கு ஆடச் சம்மதித்து எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அவனுக்குப் பதிலாக மில் ஒரு உயரமான பையனைத் தருகிறது, கூடவே ஒரு ஜோடி கண்ணாடி போர்டு.

"நான் எய்தித் தரலியே சார்?"

"கையெழுத்து உன்னுதுதானப்பா?" சார் தாளைத் தூக்கிக் காட்டினார். "இங்க உன் இடத்துக்கு ஆள் எடுத்தாச்சு. லக்கிப்பா நீ. அங்க ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் ஃப்ரீ."

தேசிங்கு தாளைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற என்னைப் பார்த்தான்.

"உனுக்குத் தெரியுமாண்ணா? படிச்சியே நீ?"

பத்துப் பேர் திரும்பினார்கள். எனக்குப் படிக்கத் தெரியாதுடா என்று சொல்லியிருந்தால் போதும். அவன் நம்பியிருப்பான். ஒருவேளை சிரித்திருப்பான். ஆனால் அந்தப் பத்து முகங்களும் பச்சை ஃபைலும் அவன் அம்மா போட்ட நாற்காலியும் சேர்ந்து என்னைத் தடுத்துவிட்டன. நான் தரையைப் பார்த்தேன். தரையில் அன்று காலை நான் போட்ட பினாயில் வாசனை. பதில் சொல்லாதவன் தெரிந்தவன் என்றுதானே அர்த்தம்? அவன் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். என்னைத் திட்டக்கூட இல்லை. ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு போனான்.

வைக்கோல் சுற்றிய கண்ணாடிகள் லாரியில் வந்தன. சுவரில் உட்கார்ந்தவர்கள், "ஒரு ஆளக் குட்த்துட்டு ரெண்டு கண்ணாடியும் ஒரு பனமரமும் வாங்கிகீறானுங்க" என்று பேசிக்கொண்டார்கள். அந்த உயரமான பையன் பாவம், நல்லவன். சுவரிலிருந்து அவனுக்கு ஒரு நாளும் கூச்சல் கிடைக்கவில்லை. கண்ணாடியில் பந்துத் தடம் பளிச்சென்று தெரியும். தினமும் ஏணியில் ஏறித் துடைக்க வேண்டும். ஈரப் பேப்பரால் துடைத்தால்தான் கோடு விழாது. ஸ்போர்ட்ஸ் ரூமின் இங்கிலீஷ் பேப்பர்தான் அதற்கும். நனைந்த மையின் அந்த வாசனை, இப்போது அபார்ட்மெண்ட் கதவைத் துடைக்கும்போதும் வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனேன். அவன் அம்மா அன்றைக்கும் நாற்காலி போட்டாள். "தூக்கமே இல்லப்பா" என்றாள். பிறகு மெதுவாக, "நாங்கதான் படிக்காத ஜனம். நீ படிச்சவனாச்சே, பாத்துச் சொல்லக் கூடாதா?" என்றாள். நாற்காலியிலிருந்து எழுந்தேன். அங்கேயாவது சொல்லியிருக்கலாம். அதன் பிறகு நான் அந்தப் பக்கம் போகவே இல்லை.

மறுவருஷம் எங்கள் கிரவுண்டில் நடந்த போட்டிக்கு மில் டீம் வந்தது. தேசிங்கு இளைத்திருந்தான். சுவர் நிறைந்திருந்தது, ஆனால் என்ன கத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. பந்து கைக்கு வந்த முதல் தடவை, அவனுடைய வழக்கமான இடம், வழக்கமான கோணம். போர்டில்தான் அடிப்பான் என்று நான் மூச்சைப் பிடித்தேன். அடிக்கவில்லை. பந்து உயரமாகப் போய் நேராக வலைக்குள் இறங்கியது. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். தவறியவைகூட வளையத்தின் முன்பக்கம் பட்டுத்தான் விழுந்தன. ஆட்டம் முழுக்க அவன் பந்து ஒரு தடவைகூடக் கண்ணாடியைத் தொடவில்லை. பார்த்தவர்கள் புது ஸ்டைல் என்றார்கள். எனக்குத் தெரியும் அது என்னவென்று. தன் விலையை அவன் தொட மறுத்தான்.

இடைவேளையில் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் குடித்தான். திருப்பிக் கொடுக்கும்போது, "போர்டு நல்லா கீதுங்களா சார்?" என்று கேட்டான்.

சார். அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. நான் தலையாட்டினேன். நல்லாயிருக்கு என்று.

மறுநாள் காலை ஏணியில் ஏறினேன். இரண்டு கண்ணாடியிலும் பந்துத் தடங்கள், வட்ட வட்டமாக. எல்லோருடையதும் இருந்தது, அவனுடையது தவிர. வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தேன்.

அதன் பிறகு கோயம்புத்தூரில் அவனுக்கு முட்டி போனது என்றார்கள். மில் டீமைக் கலைத்துவிட்டது என்றார்கள். குப்பத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு அம்மாவும் மகனும் எங்கோ போய்விட்டதாக, மீன் விற்க வந்த ஒரு பெண் சொன்னாள். எங்கள் கம்பெனி தாம்பரத்தை விட்டுப் போனது. ஜெயசீலன் சாருக்கு நடந்த பிரிவுபசார விழாவில் மாலையை எடுத்துக்கொடுத்தவன் நான்தான். கண்ணாடி போர்டுகளை யாரோ விலைக்கு எடுத்தார்கள். கிரவுண்டில் இப்போது ஐந்து மாடி. நான் கோடு போட்ட இடத்தில் கார்களுக்குக் கோடு போட்டிருக்கிறார்கள்.

பழைய மரப் பலகைகளில் ஒன்றை மட்டும் அப்போதே நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். முடிச்சூரில் நாங்கள் கட்டிய ஓட்டு வீட்டில் அதுதான் குளியலறைக் கதவு. வெள்ளைப் பெயிண்டின் மேல் பழுப்பு வட்டங்கள், சளி கட்டிய இடத்தில் நெருக்கமாக. "இந்தக் கறைய சொரண்டிப் பெயிண்ட் அடியேன்" என்று என் மனைவி வருஷா வருஷம் சொல்வாள். நான் கேட்காததுபோல் இருப்பேன். சில நாள் குளிக்கப் போகும்போது விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பேன்.

இரண்டாயிரத்துப் பதினைந்தில் வந்த வெள்ளத்தில், கழுத்தளவுத் தண்ணீரில் எங்களைப் படகில் ஏற்றினார்கள். படகு ஓட்டியவர்கள் கடலோரக் குப்பத்து ஆட்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன், அவன் இல்லை. வீட்டுக்குத் திரும்பி வந்தபோது குளியலறைச் சுவரில் கீல்கள் மட்டும் இருந்தன. கதவு ஆற்றோடு போயிருந்தது. அடையாறு கடலில்தான் போய்ச் சேருகிறது.