வெடிக்கிற வண்டியும் விடாத பாலும்

நாஹர் சிங்கின் புல்லட் ஓடும்போது வெடிக்காது. அப்படி வெடித்தாலாவது போகிறது என்று விட்டிருப்பார். நிற்கப் போகும்போதுதான் வெடிக்கும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்சருக்குள்ளிருந்து 'டமார்' என்று ஒன்று. அது போதாதென்று பின்னாலேயே குட்டி போட்டதுபோல் இன்னும் இரண்டு. வீடு வீடாகப் பால் வாங்கி மோகா நகரத்தில் ஊற்றுகிற மனிதருக்கு ஒவ்வொரு வாசலிலும் நிற்பதுதானே பிழைப்பு?

கறக்கிற நேரத்தில் காதோரம் வெடி வெடித்தால் எந்த எருமை பால் விடும்? மற்ற வீடுகளில் திட்டோடு போயிற்று. ஜங்கீர் கௌரின் எருமை மோர்னி மட்டும் பெரிய மானஸ்தி. சத்தம் கேட்டதும் பாலை அடக்கிக்கொண்டு, கன்றை விட்டாலும் கல்லுப்பிள்ளையாராக நின்றது.

"இந்தா பாருங்க பால்காரரே" என்றாள் ஜங்கீர் கௌர், காலி வாளியை அவர் மூக்குக்கு நேரே நீட்டி. "நாளைக்கும் என் எருமை பால் விடலைன்னா, அடுத்த ஊரு பால்காரனை வரச் சொல்லிடுவேன்."

"நான் என்ன வேணும்னா வெடிக்கிறேன்?"

"நீங்களும் வண்டியும் ஒண்ணுதான். ரெண்டும் கிழடு. ரெண்டுக்கும் வாய் மட்டும் குறையல."

அந்த ஒரு வீட்டுப் பால் போனால் நாஹர் சிங்கின் குடி முழுகிவிடாது. போகப்போவது டீ. தினமும் காலையில் சோம்பு தட்டிப் போட்ட டீயைக் கேட்டுக்கு வெளியே நீட்டுவாள். அவர் குடித்து முடிக்கும்வரை அவருடைய தாடி, தலைப்பாகை, தாய்மாமன் வரைக்கும் ஒன்றுவிடாமல் திட்டுவாள். அவளுக்குப் புருஷன் இல்லை, அவருக்குப் பெண்டாட்டி இல்லை. இருவருக்கும் அது பழகிப்போன பழைய கதை. ஆனால் அந்த வீடு வருகிறதென்றால் முந்தின தெருவிலேயே வண்டிக் கண்ணாடியில் தலைப்பாகையைச் சரிசெய்துகொள்வார். ஐம்பத்தாறு வயதில் இதற்குக் காதல் என்று பேர் வைக்க அவருக்கு வெட்கம். நமக்கென்ன வெட்கம்? காதல்தான்.

பாலை ஊற்றிவிட்டு நேரே மெக்கானிக் லவ்லியிடம் போனார். அந்தப் பக்கத்து இளவட்டங்கள் காசு கொடுத்துத் தங்கள் புல்லட்டை வெடிக்க வைப்பார்கள். அதில் லவ்லியை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவன் வண்டிச் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டான். அவனுக்கு வயசானவர்கள் எல்லாருமே 'சாச்சா', அதாவது சித்தப்பா.

"ஆஹா சாச்சா! யாரு கைவேலை இது?"

"யாரும் செய்யல, தானா வந்துச்சு. எனக்கு வெடிக்கவே கூடாது. நிறுத்திக் கொடு."

அந்த நேரம் பார்த்து அங்கே ஒரு போலீஸ்காரர் தன் வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். வெடிக்கிற புல்லட்டைக் கண்டால் போலீஸ் அபராதம் போடும். போலீஸ் முன்னால் வைத்து 'வெடிக்கவே கூடாது' என்று சொல்லாத வாடிக்கையாளன் அந்தக் கடைக்கு இதுவரை வந்ததில்லை. லவ்லிக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டான். "வெடிக்கவே வெடிக்காது சாச்சா!" என்று உரக்கச் சொல்லிக் கண்ணடித்தான். கண்ணில் தூசி என்று நினைத்தார் நாஹர் சிங்.

சைலன்சருக்குள் சத்தத்தை அடக்க வைத்திருந்த பஞ்சையும் பிடுங்கிவிட்டு அனுப்பினான் அந்தப் புண்ணியவான்.

முதல் திருப்பத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டதுதான் தாமதம், குருத்வாரா புறாக்கள் மொத்தமும் வானத்தில். மரத்தடியில் மாப்பிள்ளைக்காகக் காத்திருந்த கல்யாண பேண்டுக்காரர்கள், ஊர்வலம் வந்துவிட்டதென்று தோள் வலிக்க டோல் மேளம் அடிக்க ஆரம்பித்தார்கள். யாரோ ஒருவர் நாஹர் சிங் கழுத்தில் மாலையே போட்டுவிட்டார்.

மாலையும் கழுத்துமாகக் கடைக்குத் திரும்பியவர், எஞ்சினை அணைக்காமலே கத்தினார். கத்திய வேகத்தில் கை கேனில் மாட்டியிருந்த சொம்பில் பட்டது. வீட்டுக்கென்று வைத்திருந்த பால் சொம்போடு பறந்து எஞ்சின்மேல் கொட்டியது. லவ்லி துணி எடுக்க ஓடினான். நாஹர் சிங் மட்டும் குனிந்தபடி நின்றார். எஞ்சினிலிருந்து சைலன்சர் குழாய் புறப்படுகிற இணைப்பில் பால் 'புஸ் புஸ்' என்று நுரைத்துக்கொண்டிருந்தது.

"டேய் லவ்லி, பால் தானா நுரைக்காது. காத்து ஊதினாத்தான் நுரைக்கும். இங்க ஓட்டை இருக்குடா."

லவ்லி குழாயைக் கழற்றினான். உள்ளே வாஷர் பாதி அரித்துப் போயிருந்தது. ஆக்ஸிலேட்டரை விடும்போதெல்லாம் அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்து, எரியாமல் மிச்சமிருந்த பெட்ரோலைச் சைலன்சருக்குள்ளேயே கொளுத்தியிருக்கிறது. புது வாஷர் போட்டு, நட்டை இறுக்கி, பஞ்சையும் திருப்பி வைத்தான்.

"பாவம் சாச்சா இது. பாங்க்ரா ஆடுறவன் காலைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கு."

"நல்லா இறுக்கிக் கட்டு."

மறுநாள் காலை பனிமூட்டம். அவள் தெருவில் திரும்பி ஆக்ஸிலேட்டரை விட்டபோது நாஹர் சிங் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். 'டுக் டுக் டுக்'. அவ்வளவுதான். இருந்தாலும் எதற்கு வம்பென்று எஞ்சினை அணைத்து, உருட்டிக்கொண்டே கேட்டுவரை வந்தார். சுவருக்கு அந்தப்பக்கம் ஜங்கீர் கௌரின் குரல் கேட்டது.

"மோர்னி, என் தங்கமுல்ல. இன்னைக்கு அந்த வண்டி வெடிச்சாலும் காதுல வாங்காதடி. வீறாப்பா எதையோ சொல்லித் தொலைச்சுட்டேன். நீ பால் விடலைன்னா சொன்ன சொல்லைக் காப்பாத்தணும். அந்த மனுஷன் வரலைன்னா காலங்காத்தால நான் யாரைத் திட்டுவேன், சொல்லு?"

வாளியில் 'சர்ர்' என்று பால் இறங்கியது.

இருமிக் காட்டுவதுதான் மரியாதை. அவருக்கு இருமல் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அடக்க அடக்கத் தொப்பை குலுங்கி, கேன் மூடிகள் கலகலவென்று ஆடின.

உள்ளே கறவை நின்றது. "யாரு?"

"நான்தான்."

"எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான்... கொஞ்சம் முன்னால."

"எல்லாத்தையும் கேட்டாச்சா?"

"வண்டி சத்தம் போடலியா... கேட்டுருச்சு."

உள்ளே வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. நாஹர் சிங்குக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் எருமை மிரண்டுவிடுமோ என்றுகூடப் பயம் வந்தது. பிறகு கேட்டின் தாழ்ப்பாள் விலகியது. அவள் முகத்தை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டு, எருமையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"கேட்டாச்சுல்ல? அப்புறம் என்ன தெருவுல நின்னுக்கிட்டு? இன்னைக்கு டீயை உள்ள வந்து உக்காந்து குடிங்க."

நாஹர் சிங் கேன்களை அப்படியே வண்டியில் விட்டுவிட்டு உள்ளே போனார்.